வங்கி வெட்டிய காசு: கணக்குக் கேட்பது எப்படி?

ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இப்போது வங்கிக் கணக்கு வழியாகவே வருகிறது. வீட்டுத்திட்டத் தவணை, வாழ்வாதார உதவி, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணம், சங்கத்தின் காசோலை எல்லாம் அப்படித்தான். 2009ஆம் ஆண்டின் பின் வன்னியில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் வழங்கிய 25,000 ரூபா தங்குமிடக் கொடுப்பனவின் பெரும்பகுதி வங்கி மூலமே கிடைத்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான 550,000 ரூபாவும், கட்டட வேலை முன்னேற முன்னேறத் தவணையாகப் பயனாளியின் கணக்குக்கே வந்தது.

ஆகவே கணக்கில் நடக்கும் சிறு வெட்டும் குடும்பத்தைப் பாதிக்கும். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் 300 ரூபா, 750 ரூபா குறைந்திருக்கும். எதற்கென்று தெரியாது. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால். போய்வந்தால் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் போய்விடும். “போனால் போகட்டும்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தோடு போய்ச் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இரண்டிலும் பணம் திரும்புவதில்லை.

கட்டணம் ஏன் வெட்டப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை. சரியான கேள்வியை, சரியான ஆளிடம், எழுத்தில் கேட்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

1. முதலில் வெட்டு எது என்று அறியுங்கள்

கணக்கில் குறையும் பணம் எல்லாம் வங்கிக் கட்டணம் அல்ல. பாஸ்புக்கையோ கணக்குக் கூற்றையோ வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் காணப்படுபவை இவை:

வரி: சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியிலிருந்து அரசுக்குச் செல்லும் பிடித்துவைத்தல் வரி. இது 2023 ஜனவரி முதல் 5 வீதமாகவும் 2025 ஏப்ரல் முதல் 10 வீதமாகவும் உள்ளது. இது வட்டியில் மட்டுமே வெட்டப்படும். நீங்கள் வைப்பிலிட்ட முதலில் அல்ல. வருமானம் வரி எல்லைக்குக் குறைவானவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்து இதைத் தவிர்க்க இடமுண்டு. படிவத்தை வங்கியிலேயே கேளுங்கள்.

சேவைக் கட்டணம்: ஏ.ரி.எம். அட்டைக்கான வருடக் கட்டணம், வேறு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுத்தால் வரும் கட்டணம், குறுஞ்செய்தி அறிவித்தல் கட்டணம் போன்றவை.

குறைந்தபட்ச மீதிக் கட்டணம்: கணக்கில் இருக்கவேண்டிய தொகை இல்லாதபோது வெட்டுவது. இடம்பெயர்ந்து நெடுங்காலம் கணக்கைத் தொடாதவர்களுக்கு இது அதிகம் நேரும்.

மேலதிகப் பற்று வட்டியும் கட்டணமும்: நடைமுறைக் கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பணம் போய்விட்டால் வருவது. கடை, மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் கணக்குகளில் இதைக் காணலாம்.

சுருக்கெழுத்தில் இருக்கும் வரி விளங்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம். “இந்த வரி என்ன கட்டணம்? பெயரைத் தமிழில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள்.

2. மேலதிகப் பற்று எப்படி வருகிறது?

மேலதிகப் பற்று என்பது குறுங்காலக் கடன். கணக்கில் பணம் போதாதபோதும் வங்கி உங்கள் காசோலையைக் கொடுத்து, குறைந்த தொகையைக் கடனாகப் பதிகிறது. அதற்கு ஒவ்வொரு நாளும் வட்டி கணக்கிடப்படும். அதோடு ஒரு நிலையான கட்டணமும் சேரலாம். வங்கி காசோலையைக் கொடுக்காமல் திருப்பினால், காசோலை திரும்பியதற்கான கட்டணம் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் பயிற்சிக்கானவை. உங்கள் வங்கியின் வீதத்தை அதன் கட்டணப் பட்டியலில் பாருங்கள்.

ஒரு சங்கத்தின் நடைமுறைக் கணக்கில் 18,400 ரூபா இருக்கிறது. வலை வாங்க 20,000 ரூபாவுக்குக் காசோலை எழுதுகிறார்கள். வங்கி அதைக் கொடுக்கிறது. கணக்கு 1,600 ரூபா குறைவில் நிற்கிறது. 12 நாட்களின் பின் சங்கம் பணம் வைப்பிலிடுகிறது. மாத முடிவில் கணக்குக் கூற்றில் 762 ரூபா 62 சதம் வெட்டப்பட்டிருக்கிறது.

வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்றால், 1,600 ரூபாவுக்கு ஒரு வருட வட்டி 384 ரூபா. அதை 365ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ரூபா 5 சதம். 12 நாளுக்கு 12 ரூபா 62 சதம். மிகுதி 750 ரூபா வட்டி அல்ல. அது ஒரு நிலையான கட்டணம். எனவே வங்கியில் கேட்கவேண்டியது “வட்டி ஏன் இவ்வளவு?” என்பதல்ல, “இந்த 750 ரூபா என்ன கட்டணம், எந்தப் பட்டியலில் இருக்கிறது?” என்பதே. இப்படிப் பிரித்துக் கேட்டால் உத்தியோகத்தரும் பொதுவாகப் பதில் சொல்லிவிட்டு அனுப்ப முடியாது.

திகதியையும் பாருங்கள். கையில் காசாக வைப்பிலிட்டதும் காசோலையாக வைப்பிலிட்டதும் ஒன்றல்ல. 2006ஆம் ஆண்டு காசோலைகளைப் படிமமாக அனுப்பும் முறை வந்தபின், இலங்கையில் காசோலைப் பணம் பொதுவாக அடுத்த வேலை நாளில் கணக்கில் சேர்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்ட காசோலையை நம்பிச் சனிக்கிழமை பணம் எடுக்கப் போனால் குறைவு விழும். ஆனால் நீங்கள் உரிய நேரத்துக்குள் வைப்பிலிட்டும் வங்கி பிந்திப் பதிந்திருந்தால், அந்தக் கட்டணம் வங்கியின் பிழையால் வந்தது. வைப்புச் சீட்டில் உள்ள முத்திரைத் திகதியே உங்கள் சாட்சி. அதை எறியாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது கட்டணத்தோடு முடியும் விடயமல்ல. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் அது குற்றமாகலாம். சங்கத் தலைவரும் பொருளாளரும் வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைக்கக் கூடாது.

3. உங்கள் வழக்கு எந்த வகை?

எல்லாக் கட்டணத்தையும் ஒரே விதமாக எதிர்க்க முடியாது. உங்கள் வழக்கு கீழுள்ள மூன்றில் எது என்று முதலில் தீர்மானியுங்கள்.

முதலாவது, பிழையாக வெட்டியது. ஒரே கட்டணம் இருமுறை வெட்டுப்பட்டிருக்கலாம். வைப்பைப் பிந்திப் பதிந்திருக்கலாம். இல்லாத அட்டைக்குக் கட்டணம் எடுத்திருக்கலாம். இங்கே நீங்கள் சலுகை கேட்கவில்லை. உங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள். பிழையால் கூடுதல் வட்டி ஏறியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, பட்டியலில் இருந்தும் உங்களுக்குச் சொல்லப்படாதது. இலங்கை மத்திய வங்கி 2011ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற வங்கிகளுக்கு வாடிக்கையாளர் சாசனம் ஒன்றைப் பணிப்புரையாக வழங்கியது. 2023 ஆகஸ்டில் நிதியியல் வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. கட்டணங்களையும் நிபந்தனைகளையும் வாடிக்கையாளருக்கு விளங்கும்படி வெளிப்படுத்தவேண்டும், மாற்றத்தை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், முறைப்பாட்டைக் கேட்க ஒரு முறை இருக்கவேண்டும் என்பவை இவற்றின் அடிப்படை. ஆகவே “எனக்கு எப்போது, எப்படி அறிவித்தீர்கள்?” என்று கேட்கலாம். பழைய முகவரிக்குப் போன கடிதம் இடம்பெயர்ந்தவர் கைக்கு வந்திராது என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பட்டியலில் இருந்து, அறிவித்தும் வெட்டியது. இதில் உரிமை என்று வாதாடுவது கடினம். ஆனால் தள்ளுபடி கேட்கலாம். இடம்பெயர்வு, நோய், தொழில் இழப்பு போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி, ஒரு தடவைக்கு விட்டுத்தரும்படி முகாமையாளரிடம் கேளுங்கள். முகாமையாளர் மறுக்கலாம், ஆனாலும் மரியாதையான கடிதம் ஒன்றுக்கு மனமிரங்கிய முகாமையாளர்கள் பலர்.

4. வேறு நாடுகளில் என்ன நடந்தது?

நம் உறவுகள் பலர் வாழும் பிரித்தானியாவில், அனுமதியில்லாத மேலதிகப் பற்றுக்கு வங்கிகள் அறவிட்ட கட்டணங்கள் அநியாயமானவை என்று ஆயிரக்கணக்கானோர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். 2007ஆம் ஆண்டில் அந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் வங்கிகளுக்கு எதிராக ஒரு முன்மாதிரி வழக்கைக் கொண்டுசென்றது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அலுவலகத்தின் பக்கம் நின்றன. ஆனால் 2009 நவம்பர் 25ஆம் திகதி உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இக்கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி. அந்த விலை கூடுதலா குறைவா என்பதை நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய விதிகளின் கீழ் அலுவலகம் மதிப்பிட முடியாது என்பது அதன் சாரம்.

அத்துடன் விடயம் முடியவில்லை. முறைப்பாடுகள் தொடர்ந்தன. கடைசியில் அந்நாட்டு நிதி ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, 2020 ஏப்ரல் முதல் மேலதிகப் பற்றுக்கு நிலையான கட்டணம் அறவிடுவதைத் தடைசெய்து, ஒரே வட்டி வீதமாகக் காட்டும்படி பணித்தது.

இந்தியாவில், சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச மீதி இல்லை என்பதற்காக மட்டும் கட்டணம் வெட்டிக் கணக்கைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று றிசேர்வ் வங்கி 2014இல் பணித்தது. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. செயலற்ற கணக்குகளில் இந்தத் தண்டக் கட்டணத்தை அறவிடக் கூடாது என்றும் 2014இலேயே கூறியது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு அங்கே கணக்கு இருக்குமாயின் இது உதவும்.

இவற்றிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். “இந்தக் கட்டணமே அநியாயம்” என்ற பொதுவான வாதம் பெரிய நீதிமன்றத்திலேயே தோற்றது. “என் கணக்கில், இந்தத் திகதியில், இந்தப் பிழை நடந்தது” என்ற குறிப்பான முறைப்பாட்டுக்கே கூடிய பலன் உண்டு. மற்றது, தனித்தனி முறைப்பாடுகள் சேர்ந்தபோதுதான் விதிகளே மாறின. உங்கள் ஒரு கடிதமும் அந்தக் கணக்கில் சேரும்.

5. படிப்படியாக

முதற்படி: பாஸ்புக்கைப் பதியுங்கள், அல்லது கணக்குக் கூற்றைப் பெறுங்கள். பிரச்சினையான வரியைப் பென்சிலால் குறியுங்கள். வைப்புச் சீட்டு, குறுஞ்செய்தி, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஓர் உறையில் சேருங்கள்.

இரண்டாம் படி: கிளையில் கட்டணத்தின் பெயரையும் கட்டணப் பட்டியலையும் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். யாருடன், எந்த நாளில் பேசினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிறு பிழைகள் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: தீராவிட்டால் கிளை முகாமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் பெறுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மூல ஆவணங்களை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிரதிகளை மட்டும் இணையுங்கள்.

நான்காம் படி: பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், அதே கடிதத்தின் பிரதியோடு வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் முகவரி கிளையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும்.

ஐந்தாம் படி: அதன் பின்னும் தீராவிட்டால் வெளியே போகலாம். கொழும்பிலுள்ள நிதி ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரி, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை இலவசமாக விசாரிக்கிறார். முதலில் வங்கியிடம் முறையிட்டதைக் காட்டவேண்டும். அதனால்தான் முத்திரையிட்ட பிரதி முக்கியம். இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்துக்கும் முறையிடலாம்; அதன் தொலைபேசி எண் 1935. தமிழில் பேச விரும்புவதாக முதலிலேயே சொல்லுங்கள். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையில் உண்டு. எங்கே எழுதுவது என்று அங்கும் விசாரிக்கலாம்.

அரச வங்கியாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கட்டணம் எந்த விதியின்படி வெட்டப்பட்டது என்ற தகவலை எழுத்தில் கோரலாம். வழக்குவரை போகும் நிலை வந்தால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். அதன் நிலையம் திருகோணமலையிலும் உள்ளது.

6. மாதிரிக் கடிதம்

முகாமையாளர் அவர்கள்,
………… வங்கி, ………… கிளை.
திகதி: …………

ஐயா / அம்மணி,

கணக்கிலக்கம் …………: வெட்டப்பட்ட கட்டணம் பற்றிய முறைப்பாடு

மேற்படி கணக்கில் ………… ஆம் திகதி ………… ரூபா கழிக்கப்பட்டுள்ளது. கணக்குக் கூற்றின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

இக்கட்டணத்தை ஏற்க முடியாமைக்கான காரணம்: (ஒன்றை மட்டும் எழுதுக) நான் ………… ஆம் திகதியே பணம் வைப்பிலிட்டிருந்தேன் / இக்கட்டணம் இருமுறை வெட்டப்பட்டுள்ளது / இக்கட்டணம் பற்றி எனக்கு அறிவிக்கப்படவில்லை.

ஆகவே, (1) இக்கட்டணம் எந்தப் பட்டியலின்படி அறவிடப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும், (2) ………… ரூபாவை மீண்டும் என் கணக்கில் வரவு வைக்குமாறும், (3) தங்கள் பதிலைத் தமிழில் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர், கையொப்பம், தற்போதைய முகவரி, தொலைபேசி எண்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இடம்பெயர்ந்த கதை முழுவதையும் எழுதவேண்டியதில்லை. கட்டணத்தோடு தொடர்புள்ள பகுதி போதும். எழுதச் சிரமப்படுபவர்கள் கிராம உத்தியோகத்தரிடமோ எமது களப் பணியாளரிடமோ உதவி பெறலாம். ஆனால் ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள்.

7. விட்டுவந்த பழைய கணக்குகள்

1984இல் தென்னமரவாடியை விட்டு வெளியேறிய குடும்பங்களும், 2009இல் வன்னியிலிருந்து கப்பலில் புல்மோட்டைக்கு வந்திறங்கிய குடும்பங்களும் பாஸ்புக்கைக் காப்பாற்றும் நிலையில் இருக்கவில்லை. “இவ்வளவு காலமாகிவிட்டது, காசு போயிருக்கும்” என்று நினைக்க வேண்டாம்.

கணக்கு நெடுங்காலம் இயங்காவிட்டால் செயலற்ற கணக்காகும். பத்து வருடங்கள் தொடர்பே இல்லாவிட்டால், வங்கிச் சட்டத்தின்படி அது கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். மாற்றப்பட்டாலும் உரிமையாளர் தன் வங்கியின் ஊடாக அதைக் கோரலாம். அடையாள அட்டை, பாஸ்புக் தொலைந்தது பற்றிய பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றோடு கிளைக்குப் போங்கள். கணக்கிலக்கம் நினைவில்லாவிட்டாலும் முழுப்பெயர், பழைய முகவரி, கணக்குத் தொடங்கிய கிளை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மீதி குறைந்திருந்தால், எந்தெந்த ஆண்டில் என்ன கட்டணம் வெட்டப்பட்டது என்ற விபரத்தைக் கேளுங்கள்.

கணக்குக்குரியவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் தேவைப்படும். காணாமற்போயிருந்தால், 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் மூலம் வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழைப் பெற இடமுண்டு. அதைப் பெறுவது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. கணக்கில் கைவைக்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெறுங்கள்.

8. உதவிப் பணம் வருமுன்

வீட்டுத்திட்டத்துக்கோ வாழ்வாதார உதவிக்கோ கணக்கிலக்கம் கொடுக்குமுன் அந்தக் கணக்கை ஒருமுறை பாருங்கள். பழைய கட்டணமோ கடனோ நிலுவையில் இருந்தால், வரும் தவணையிலிருந்து வங்கி அதைக் கழித்துக்கொள்ளக்கூடும். அத்திவாரத்துக்கு வந்த காசு பழைய பாக்கிக்குப் போனால் அடுத்த தவணையும் சுணங்கும். நிலுவை இருந்தால் அதை முதலில் பேசித் தீருங்கள். அல்லது உதவிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வங்கியில் பதியுங்கள். அறிவித்தல் கைக்கு வரும். பின்னர் “அறிவித்தோம்”, “அறிவிக்கவில்லை” என்ற வாதத்துக்கும் இடமிராது.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் பாஸ்புக்கின் கடைசி ஆறு மாத வரிகளில் எவை வரி, எவை சேவைக் கட்டணம், எவை விளங்காதவை?

2. ஒருவரின் கணக்கில் குறைந்தபட்ச மீதி இல்லை என்று மூன்று மாதம் தொடர்ந்து கட்டணம் வெட்டப்பட்டுள்ளது. அவர் அப்போது முகாமில் இருந்தார். அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போயிற்று. இது மூன்று வகைகளில் எது? கடிதத்தில் எந்தக் காரணத்தை எழுதுவீர்கள்?

3. உங்கள் சங்கத்தின் காசோலையில் கையொப்பமிடுமுன் கணக்கின் மீதியைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? இன்றே ஒருவரை நியமியுங்கள்.

4. ஒரே வங்கிக் கிளையில் பலருக்கு ஒரே பிரச்சினை இருக்கிறதா? ஒவ்வொருவரும் தனிக் கடிதம் எழுதி, எல்லோருமாக ஒரே நாளில் கொண்டுபோனால் பஸ் காசு வீணாகாது. கிளையும் விடயத்தைச் சிறிதென்று ஒதுக்காது.